வைக்கோல் கட்டா, மேட்டுப்பாத்தியா, வளர்ப்புப் பையா?

மண் சரியில்லாத இடத்திலும் மண்ணே இல்லாத இடத்திலும் காய்கறி வளர்க்க நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன: சட்டம் அடித்து மண் நிரப்பிய மேட்டுப்பாத்தி, மண் கலவை நிரப்பிய வளர்ப்புப் பை, செடியை நேரே அதிலேயே நடும் வைக்கோல் கட்டு. தோண்ட வேண்டாம், களை அதிகம் இராது என்று மூன்றைப் பற்றியும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். ஆனால் பாத்தியும் பையும் நல்ல மண்ணை வேறோர் இடத்திலிருந்து கொண்டுவந்து கொட்டும் ஏற்பாடுகள். வைக்கோல் கட்டில் தொடக்கத்தில் மண் என்று எதுவுமே கிடையாது; செடி வளர வளர, அதன் வேருக்கடியிலேயே வைக்கோல் மக்கி மண் போன்ற ஒன்றாகிறது. கட்டின் நன்மைகளும் தொல்லைகளும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வருகின்றன.

மக்கும் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். கோதுமை வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) சுமார் 80 பங்கு கரிமம் இருக்கிறது. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருக, அந்த விகிதம் 25 அல்லது 30-க்கு ஒன்று என்ற அளவில் இருக்க வேண்டும். குறையும் தழைச்சத்தை நாம் கொடுக்காவிட்டால், செடிக்கென்று வைத்ததை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். நட்ட நாற்று மஞ்சளித்து அப்படியே நின்றுவிடும். கட்டில் நட்டுப் பார்த்துக் கைவிட்டவர்கள் பலர் சொல்லும் குறை இதுதான். குறை வைக்கோலில் இல்லை, நீரும் தழைச்சத்தும் கொடுத்து முன்கூட்டியே பதப்படுத்தாமல் நட்டதில் இருக்கிறது.

பதப்படுத்தலுக்கு 10 முதல் 14 நாட்கள் ஆகும். குளிரான பருவத்தில் இன்னும் கூடும். பரவலாகப் பின்பற்றப்படும் முறை இது: முதல் 3 நாட்கள் கட்டை நன்றாக நனைத்து வைக்க வேண்டும். அடுத்த 3 நாட்கள், நாளுக்கு அரைக் கோப்பை யூரியாவைக் கட்டின் மேல் தூவி நீர் ஊற்ற வேண்டும். அதற்கடுத்த 3 நாட்கள் அதில் பாதி. 10-ஆம் நாள் தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் சேர்ந்த உரம் ஒரு முறை. இதற்குள் கட்டின் உட்புறம் 50 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடேறி, மெல்லத் தணியும். உள்ளே விரலை விட்டால் உடல் சூட்டைவிட அதிகமாகத் தெரியாத நாளில் நடலாம். கட்டின் மேல் சில காளான்கள் முளைப்பதும் உண்டு. மக்கல் சரியாக நடக்கிறது என்பதற்கு அது அடையாளம், செடிக்கு அவற்றால் கெடுதல் இல்லை. அவற்றைச் சமைக்க மட்டும் எண்ண வேண்டாம்.

வைக்கோல் தோட்டத்தை 'முழு இயற்கை' என்று கொண்டாடுகிறவர்கள் இந்த யூரியாவைப் பற்றி அடக்கித்தான் வாசிக்கிறார்கள். 46 விழுக்காடு தழைச்சத்து கொண்ட உரத்தை நாள்தோறும் போட்டு நீர் ஊற்றினால், அதில் ஒரு பகுதி கட்டின் அடியில் வழிந்து போகத்தான் செய்யும். உலர்த்திய கால்நடை இரத்தத் தூள் போன்ற இயற்கை உரங்களாலும் பதப்படுத்தலாம். அளவு கூடும், நாட்களும் கூடும். இந்த விஷயத்தில் மேட்டுப்பாத்திதான் நேர்மையானது: மக்கு உரமும் மண்ணும் கலந்து நிரப்பிய அன்றே நடலாம். பையும் அப்படியே.

நிரப்பும் பாடு மட்டும் பாத்திக்கு அதிகம். 120 சென்டிமீட்டர் அகலம், 240 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் ஆழம் கொண்ட பாத்தி 860 லிட்டருக்கு மேல் மண் கேட்கும். அகலத்தை அதற்கு மேல் கூட்டினால் நடுவில் கை எட்டாது. இத்தனை மண்ணையும் வாங்கிச் சுமந்து கொட்டும் வேலை ஒரு முறைதான். பிறகு ஆண்டுதோறும் படியும் அளவுக்கு மக்கு உரம் சேர்த்தால் போதும். கட்டின் கணக்கு நேர்மாறானது. ஏறக்குறைய 90 × 45 × 35 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கட்டு சுமார் 140 லிட்டர் இடத்தை அடைக்கிறது. உலர்ந்திருக்கும்போது ஒருவரே தூக்கிவிடலாம். ஆனால் ஒரு பருவம் முடிந்ததும் தொய்ந்து சரிந்துவிடும். அடுத்த பருவத்துக்கு வேறு கட்டு வேண்டும். வைக்கும் இடத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுவதும் நல்லது. நனைந்த கட்டை நகர்த்துவது இருவர் சேர்ந்தாலும் கடினம். மாடியில் வைக்க நினைப்பவர்கள் இந்த எடையையும், அடியில் கசியும் பழுப்பு நீரின் கறையையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பையையே எடுக்கலாம்.

நீர் விஷயத்தில் கட்டுக்கும் பைக்கும் போட்டி, இரண்டும் தோற்கும் போட்டி. மண்ணில் இருக்கும் களிமண் துகள்கள் நீரையும் சத்தையும் பிடித்து வைக்கின்றன. வைக்கோலுக்கு அந்தத் திறன் குறைவு. வெயில் காலத்தில் நாள்தோறும் நீர் வேண்டும், சொட்டுநீர்க் குழாய் இருந்தால் நிம்மதி. நீர் வழியும்போது சத்தும் வழிவதால், காய்க்கும் பருவத்தில் வாரம் ஒரு முறை திரவ உரம் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பும்போது செடி உயிரோடிருக்க வேண்டும் என்றால் மேட்டுப்பாத்தியைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இத்தனை குறை சொன்ன பிறகும் கட்டுக்கென்று ஓர் இடம் இருக்கிறது, அந்த இடத்தில் அதற்கு நிகரில்லை: நோய் பிடித்த நிலம். பியூசேரியம் வாடல், பாக்டீரியா வாடல், வேர்முடிச்சு நூற்புழு ஆகிய மூன்றும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கி, தக்காளியையும் கத்தரியையும் திரும்பத் திரும்பச் சாய்ப்பவை. பாத்தியின் அடி திறந்திருந்தால் வேர் கீழே இறங்கி அந்த மண்ணைத் தொட்டுவிடும். ஒட்டுமொத்த மண்ணையும் மாற்றுவது யாராலும் ஆகாத காரியம். புதுக் கட்டில் இந்த நோய்கள் இருப்பதில்லை. நோயுள்ள மண்ணின் மேல் வைப்பதாக இருந்தால் அடியில் ஒரு நெகிழித் தாளை விரித்துவிட்டால் வேரும் இறங்காது. பருவ முடிவில் கட்டோடு எல்லாவற்றையும் அகற்றிவிடலாம். பாத்தியோடு ஒப்பிடும்போது பெருங்குறையாகத் தெரிந்த நிலையாமையே கட்டுக்கு இங்கே பலமாகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அதே பலம் உதவும்.

குளிர் நாடுகளில் இன்னொரு லாபமும் உண்டு. மக்கும் சூடு வேரைக் கதகதப்பாக வைத்திருப்பதால் தரையில் நடுவதற்குச் சற்று முன்னதாகவே நடலாம். முழங்கால் உயரத்தில் வேலை நடப்பதால் குனிய முடியாதவர்களுக்கும் வசதி, ஆனால் அதை உயரமான பாத்தியும் தரும்.

எல்லாப் பயிரும் கட்டுக்கு ஒத்துவராது. ஒரு கட்டில் தக்காளி இரண்டு, மிளகாய் மூன்று அல்லது நான்கு, பூசணி ஒன்றிரண்டு என்ற அளவு சரியாக இருக்கும். தக்காளிக்கான கொம்பைக் கட்டில் ஊன்றினால் வைக்கோல் தொய்யும்போது அதுவும் சாயும். தரையில் ஊன்றிக் கட்ட வேண்டும். மக்காச்சோளத்தை முயலவே வேண்டாம். கேரட் போன்ற கிழங்கு வகைகள் பாத்தியில்தான் நேராக இறங்கும். கீரை விதைப்பதென்றால் கட்டின் மேல் சில சென்டிமீட்டர் கனத்துக்கு மக்கு உரக் கலவை பரப்பியாக வேண்டும், இல்லாவிட்டால் விதைகள் தாள்களுக்கிடையே விழுந்து காணாமல் போய்விடும். பைகள் ஓரிரு செடிக்குப் போதும். தக்காளி ஒன்றுக்கு 20 லிட்டருக்குக் குறையாத பை தேவை. பை பற்றி அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

கட்டு என்று முடிவு செய்தால், வாங்கும்போதே இரண்டைக் கவனிக்க வேண்டும். தானியம் அடித்த பின் எஞ்சும் வைக்கோல் வேறு, விதையோடு அறுத்து உலர்த்திய தீவனப்புல் வேறு. இரண்டாவதை வாங்கினால் கட்டு முழுக்கப் புல் முளைக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து களைக்கொல்லி எச்சம். அமினோபைரலிட், குளோபைரலிட் ஆகியவை புல்லினப் பயிர்களை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளைக் கொல்பவை. வைக்கோலில் பல மாதங்கள் தங்கும். தக்காளி, பீன்ஸ், மிளகாய் எல்லாம் அகன்ற இலைச் செடிகள்தாம். எந்த வயலில் அறுத்தது, என்ன தெளித்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால், வைக்கோலைச் சிறிதாக நறுக்கி மண்ணோடு கலந்து ஒரு தொட்டியில் பீன்ஸ் விதையுங்கள். பக்கத்தில் வெறும் மண்ணில் இன்னொரு தொட்டி. மூன்று வாரத்தில் முதல் தொட்டியின் இலைகள் மட்டும் சுருண்டு கிண்ணம்போல் குவிந்தால், அந்த வைக்கோலில் நடக்கூடாது, மட்குக் குழியிலும் போடக்கூடாது: அந்த மருந்துகள் மக்கிய பிறகும் எஞ்சி, போகும் பாத்தியையெல்லாம் கெடுக்கும்.