பாலைவனத்தில் சோலார் நிலம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

3,40,000 ரூபாய் போய்விட்டது. நேற்றுதான் ஜெய்சல்மரிலிருந்து திரும்பினேன். இனி யாரும் ஏமாறக்கூடாது, என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

நிலம் விற்கும் ஒரு இணையதளத்தில் விளம்பரம்: ராஜஸ்தானில் நிலம் வாங்கினால் சோலார் கம்பெனி வருஷா வருஷம் குத்தகை தரும். கூப்பிட்டேன். எடுத்தவர் தமிழில் பேசினார். அங்கேதான் விழுந்தேன். "அண்ணே, பத்லாவைப் பாருங்க, 2,245 மெகாவாட். அடுத்தது ஜெய்சல்மர்தான்" என்றார். பத்லா சோலார் பூங்கா உண்மைதானே, மற்றதும் உண்மையாக இருக்கும் என்று நம்பினேன். என் அம்மாவிடம் வீடியோவில் பேசி "ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா" என்றார். அன்று மாலையே முன்பணம் அனுப்பினேன், 3,40,000.

அப்புறம் பத்திரப் பதிவு தள்ளிக்கொண்டே போனது. பட்வாரி லீவு என்றார். பட்வாரி என்றால் அங்கத்திய வி.ஏ.ஓ. அடுத்த வாரம் சர்வர் வேலை செய்யவில்லை. நான்காவது மாதம் ரயிலேறிவிட்டேன்.

அவர் அனுப்பிய லொகேஷனில் வேலி இல்லை, கல் இல்லை. ஆடுகள் வன்னி மரத்தடியில் படுத்திருந்தன. ஆமாம், நம் கோயில்களில் இருக்கும் அதே வன்னி. அங்கே கேஜ்ரி என்கிறார்கள். ஒரு மரத்தடியில் சின்ன மேடை, குங்குமம் பூசிய கல், சிவப்புத் துணி. ஆடு மேய்த்த பெரியவர் சொன்னதை டிரைவர் எனக்குச் சொன்னார். அது 'ஓரண்', சாமிக்கு விட்ட காடு. கிளையைக்கூட வெட்டமாட்டார்கள். ஆனால் பல ஓரண்கள் வருவாய்ப் பதிவில் அரசுத் தரிசு என்றே இருப்பதால் சோலாருக்குப் போய்விடுகின்றன. மேய்ச்சலும் போகிறது. மின்கம்பிகளில் கானமயில் என்ற அரிய பறவை அடிபட்டுச் சாவது உச்ச நீதிமன்றம்வரை போய், 2021-இல் உத்தரவும் வந்தது. பெரியவர் என்னையும் நிலம் பிடிக்க வந்தவனாகத்தான் பார்த்தார். நான் வந்ததும் அதற்குத்தானே. தலை நிமிர்த்த முடியவில்லை.

அங்கிருந்தே கூப்பிட்டேன். "லொகேஷன் மாறிப்போச்சுண்ணே, ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்றார். அதோடு சரி, என் எண்ணைத் தடுத்துவிட்டார். இணையதளத்தில் கேட்டால் "நாங்கள் விளம்பரம் மட்டுமே போடுகிறோம்" என்று ஒரே பதில், மூன்று தடவை. என் 3,40,000-க்கு யாரும் பொறுப்பில்லையாம்!

கஸ்ரா எண்ணைக் கேளுங்கள், அதுதான் சர்வே எண். ஜமாபந்தியை, அதாவது நிலம் யார் பெயரில் என்று காட்டும் பதிவேட்டை, நீங்களே எடுத்துப் பாருங்கள். ஓரணா, மேய்ச்சல் நிலமா என்று ஊர்க்காரர்களிடம் விசாரியுங்கள். நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நான் தாமதமாகத்தான் அழைத்தேன். மீதியை அப்புறம் எழுதுகிறேன், வங்கி மூடுவதற்குள் போக வேண்டும்.