பழைய மியாட்டாவின் வெடித்த பின் ஜன்னல்: ஒட்டுவதா, மாற்றுவதா, கண்ணாடிக்குப் போவதா?

மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறைக் காரை வாங்கப் போகிறவர்கள் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். அது லேசில் கைவிடாது. முன்னதாகப் போவது இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல்தான். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரான வண்டி இது. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். அதன் மடிப்புக் கூரையில் ஜிப் வைத்து மாட்டிய பெரிய தெளிந்த பிளாஸ்டிக் தாள்தான் பின் ஜன்னல். அது பழுப்பேறி, மங்கி, ஒருநாள் மடிப்பு விழும் இடத்தில் நீளமாக வெடித்துவிடும்.

காரணம் எளிது. அந்தத் தாள் பிவிசி. அதை வளையும்படி வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் மென்மையாக்கி. வெயிலிலும் சூட்டிலும் மென்மையாக்கி மெல்ல வெளியேற, தாள் விறைத்துப்போகிறது. குளிரில் விறைப்பு இன்னும் கூடும். அதனால்தான் கூரையை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைப் பின்னால் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். ஆனால் இந்தக் கூரையின் அழகே, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி இரண்டு கொக்கிகளை விடுவித்து ஒரே கையால் பின்னால் தள்ளிவிடலாம் என்பதுதான். சிக்னலில் நிற்கும்போது வெயில் வந்துவிட்டது என்றால் யார் திரும்பி ஜிப்பைத் திறக்கப் போகிறார்கள்? அப்படியே மடிப்பார்கள். பத்து முறை ஒன்றும் ஆகாது. பதினோராவது முறை, அதுவும் குளிர்காலக் காலையாக இருந்தால், பட்டென்று சத்தம் கேட்கும்.

ஆகவே எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் முன் விலைப்பட்டியலை மூடிவையுங்கள். கூரையை எத்தனை முறை இறக்குகிறீர்கள், ஒவ்வொரு முறையும் ஜிப்பைத் திறக்கும் பொறுமை உண்டா என்று பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

மலிவான வழி ஒட்டுவது. மங்கல் மட்டும்தான் என்றால் பிளாஸ்டிக்குக்கான பாலிஷ் நல்ல பலன் தரும், மெகுயர்ஸ் பிளாஸ்ட்எக்ஸ் போல. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். தூசியை உலர்ந்த துணியால் துடைப்பதும் கூடாது, கீறல் விழும். வெடிப்பு வந்துவிட்டால் பாலிஷ் எதுவும் செய்யாது. உள்ளும் புறமும் தெளிந்த டேப் ஒட்டினால் ஒரு மழைக்காலத்தை ஓட்டலாம். ஆனால் அதன்பின் கூரையை மடித்தால் டேப்பின் ஓரத்தில் அடுத்த வெடிப்பு தொடங்கும். கூரையை மூடியே வைத்திருந்தால்தான் இந்த வழி நிலைக்கும், அப்படி வைக்க மடிப்புக் கூரைக் கார் எதற்கு?

அடுத்தது, கூரைத் துணியை விட்டுவிட்டு ஜன்னலை மட்டும் மாற்றுவது. ஜிப்போடு சேர்த்தே புதிய ஜன்னல் கிடைக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், துணி நல்ல நிலையில் இருந்தால் பணமும் மிச்சம். இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, ஜிப் மேலும் பக்கவாட்டிலும்தான் ஓடுகிறது. ஜன்னலின் அடிப்பகுதி இருக்கைக்குப் பின்னால் இரும்புப் பட்டைகளின் கீழ் நட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றாமல் வேலை நடக்காது. இன்னொன்று, புது ஜிப்பின் பாதி பழைய துணியில் இருக்கும் பாதியோடு பொருந்த வேண்டும். வாங்கும் முன் விற்பவரிடம் இதைத் தெளிவாகக் கேளுங்கள். ஆனால் முப்பது வருடத் துணியில் புது ஜன்னலைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துணியின் தையல் அடுத்த வருடமே பிரிந்தால் அதே பட்டைகளை மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். முந்தைய உரிமையாளர் சமீபத்தில் கூரையை மாற்றி, ஜன்னல் மட்டும் அடிபட்டிருந்தால் இதுதான் சரியான தேர்வு.

பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து நிற்பது முழுக் கூரையில். இங்கேதான் உண்மையான போட்டி: பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த வினைல் (பிளாஸ்டிக் பூச்சுத் துணி) கூரையா, கண்ணாடி ஜன்னல் வைத்த கூரையா? பொருள் விலையில் வித்தியாசம் கணிசமானது. கண்ணாடியோடு நல்ல கேன்வாஸ் துணியும் என்று போனால் மலிவான வினைலைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடலாம். கலிபோர்னியாவின் ராபின்ஸ் போன்ற கூரைத் தயாரிப்பாளர்கள் இரண்டு வகையையும் தைக்கிறார்கள். கேன்வாஸ் என்றால் பலரும் தேடுவது மாசச்சூசெட்ஸின் ஹார்ட்ஸ் நிறுவனத்தின் ஸ்டேஃபாஸ்ட் துணியை. நடுவில் ரப்பர் அடுக்கு இருப்பதால் பார்க்கத் துணியாக இருந்தாலும் தண்ணீர் விடாது.

ஆனால் கூலியைக் கணக்கில் சேர்த்தால் படம் மாறுகிறது. எந்தக் கூரையைப் போட்டாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். கூரையைத் தாங்கும் மடிப்புச் சட்டத்தில் துணியைப் பிடித்திருக்கும் பழைய ரிவெட்டுகளை ட்ரில் செய்து எடுக்க வேண்டும், பின்பக்கப் பட்டைகளைக் கழற்ற வேண்டும், புதுத் துணியை இழுத்துச் சமன் செய்து மறுபடி ரிவெட் அடிக்க வேண்டும். வீட்டில் நீங்களே செய்தால் ஒரு முழு நாள், பழக்கமில்லாதவருக்கு இரண்டு. அவ்வளவு வேலையையும் பிளாஸ்டிக் ஜன்னலுக்காகச் செய்துவிட்டுச் சில வருடங்களில் மறுபடி அதே இடத்துக்கு வருவது எனக்குக் கட்டுப்படியாகாது.

கூரை கழன்றிருக்கும் அந்த நாளில் இன்னொன்றைப் பார்த்தே ஆக வேண்டும். கூரையின் அடிவிளிம்பில் வழியும் மழைநீரைப் பிடித்து இரண்டு பக்க வடிகால்களுக்கும் அனுப்பும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ரெயின் ரெயில் என்பார்கள். ஜன்னலைப் போலவே அதுவும் வயதானால் நொறுங்கும், ஆனால் வெளியே தெரியாது. அது வெடித்திருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கூரை போட்டாலும் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கும். வடிகால் துளைகளில் இலையும் மண்ணும் அடைத்திருந்தால் நீர் பக்கத்து இரும்புக்குள் இறங்கித் துரு பிடிக்கும், அந்தச் செலவுக்கு முன்னால் கூரையின் விலை ஒன்றுமே இல்லை. புதுப் பட்டையைக் கூரையோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். வடிகால்களில் வளையும் பிளாஸ்டிக் குச்சியை விட்டு மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள். கம்பியால் குத்தினால் குழாய் கிழியும்.

கண்ணாடிக்குக் குறை இல்லையா? உண்டு. முதலாவது, கண்ணாடி மடியாது என்பதால் பரப்பு சிறியது. பிளாஸ்டிக் ஜன்னலில் பழகியவருக்குப் பின்பார்வை சட்டென்று குறுகியதுபோல் இருக்கும். இரண்டாவது, கண்ணாடி துணியோடு ஒட்டப்பட்டிருக்கிறது. பல வருடங்கள் கழித்து அந்த ஒட்டு விடலாம். மூன்றாவது, ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க இருக்கைக்குப் பின்னால் போடும் வளைந்த கம்பி) போட்டவர்கள் கவனிக்க வேண்டும். மடியும்போது கண்ணாடி அந்தக் கம்பியிலோ அதன் பின்தாங்கியிலோ மோதினால் ஒரு நொடியில் தூள். பின்னால் விட்டுவைத்த ஸ்பேனர் கூடப் போதும். பந்தயத் தடத்துக்குக் காரைக் கொண்டுபோகிறவர்கள் இன்றும் ஜிப் வைத்த பிளாஸ்டிக்கை விடாமல் இருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கண்ணாடி வைத்த கூரையிலும் ஜிப் உள்ளது, ஜிப் இல்லாதது என்று இரண்டு உண்டு. ஜிப் இருந்தால் கூரையை மூடி, ஜன்னலை மட்டும் இறக்கிக் காற்று வாங்கலாம். எனக்கு ஜிப் இல்லாததுதான் பிடிக்கும். தண்ணீர் புகும் வழி ஒன்று குறைகிறது, சிக்னலில் தள்ளிவிடும் சுகமும் திரும்ப வருகிறது. பனித்திரை நீக்கும் கம்பிகள் கண்ணாடியிலேயே வரும். ஆனால் உங்கள் வண்டியில் அதற்கான வயரிங் இல்லையென்றால் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் எல்லாம் சேர்க்க வேண்டும். கலிபோர்னியாவில் இருப்பவர் அதைத் தொடவே வேண்டாம். டொராண்டோவிலோ மான்செஸ்டரிலோ இருப்பவருக்கு நவம்பரில் அதன் அருமை தெரியும்.

கார் நிறுவனங்களே எந்தப் பக்கம் போயின என்பதும் ஒரு சாட்சி. இதே எம்எக்ஸ்-5, 1998-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் கண்ணாடிக்கு மாறியது. ஹோண்டா எஸ்2000, 2002 மாடலில் மாறியது. போர்ஷே பாக்ஸ்டர் 2002 மாடல் வரை பிளாஸ்டிக்கோடு இழுத்தது. அதன் உரிமையாளர்கள் மின் கூரையைப் பாதியில் நிறுத்தி, மடிப்பு சரியாக விழும்படி ஜன்னலைக் கையால் தட்டிவிட்டுத்தான் மீதியை இறக்குவார்கள். அந்த விலைக் காரில் இந்தக் கூத்து!

இந்த இரண்டாம் தலைமுறை மாற்றம் இன்னொரு வாசலையும் திறக்கிறது. உடைத்துப் பாகம் விற்கும் இடத்திலிருந்து அந்தக் காரின் கூரையைச் சட்டத்தோடு எடுத்து முதல் தலைமுறைக் காரில் பொருத்தலாம். அளவு ஒத்துப்போகும், ரிவெட் வேலையே இல்லை. பழையது என்பதால் தையலையும் கண்ணாடியின் ஒட்டையும் விரலால் அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும். நல்லது கிடைத்தால் இதைவிட லாபமான வழி கிடையாது. கிடைப்பதுதான் அதிர்ஷ்டம்.

ஹார்ட் டாப்பை, அதாவது மடியாத, கழற்றி மாட்டும் கெட்டிக் கூரையை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுமார் 20 கிலோ, தூக்க இரண்டு பேர், வைக்க இடம். குளிர்காலத்துக்கு அருமை. ஆனால் கோடையில் அது கேரேஜில் இருக்கும், அடியில் வெடித்த ஜன்னல் வெடித்தபடியே இருக்கும்.

அசல் தன்மையை விரும்புகிறவர்களின் கட்சி தனி. மாஸ்டா 2017-ல் ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களுக்கான புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்தபோது மறுபடி தயாரித்த பாகங்களில் இந்தக் கூரையும் ஒன்று. கண்காட்சிக்குக் கொண்டுபோகும், கிலோமீட்டர் குறைந்த வண்டி என்றால் வினைலும் பிளாஸ்டிக் ஜன்னலும்தான் அழகு, ஜிப்பைத் திறக்கும் பொறுமையும் அவர்களுக்கு இருக்கும். மற்ற எல்லோருக்கும், தினமும் ஓட்டும் வண்டிக்கு, ஜிப் இல்லாத கண்ணாடிக் கூரை. துணி வினைலா கேன்வாஸா என்பது பணப்பையைப் பொறுத்தது.

எதைப் போட்டாலும், வேலையை வெயில் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். துணியைக் கொஞ்சநேரம் வெயிலில் விரித்து வைத்தால் இழுக்க இளகிக் கொடுக்கும். முதலில் முன் கொக்கிகள் மாட்டவே கஷ்டமாக இருக்கும், அவற்றின் நீளத்தைத் திருகிக் கூட்டிக்கொள்ளலாம். அப்புறம் ஓரிரு வாரம் கூரையை மூடியே விடுங்கள், துணி தளர்ந்து சட்டத்தில் படிந்த பிறகு நீளத்தைப் பழையபடி குறைத்துக்கொள்ளலாம்.