புதுக் கான் (மழைத்தண்ணீர் வடிகால்) வந்து ஒரு மழைக்காலம்: 5க்கு 3

எங்கள் கடை இலங்கையின் ஏ7 வீதியில், ஹட்டன் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டே திரும்புகிற ஒரு முடக்கில் இருக்கிறது. ஊர் பெயர் வேண்டாம். வெளியூர்க்காரர்கள் "மலையில என்ன வெள்ளம், தண்ணி இறங்கி ஓடிடாதா?" என்று கேட்பார்கள். ஓடும்தான், எங்கள் சீனி மூட்டையை நனைத்துவிட்டு ஓடும்.

பழைய கானில் வீதிக்குக் குறுக்கே இருந்தது 12 அங்குல ஹியூம் பைப், அதாவது கொங்கிறீட் குழாய். மேலே தேயிலை மலை, அதற்குக் கீழே நாளுக்கு நாள் கூடுகிற தகரக் கூரை, கொங்கிறீட் முற்றம். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மழை பெய்தால் ஒரு லட்சம் லீட்டருக்கு மேல் தண்ணீர், அதாவது ஆயிரம் லீட்டர் தாங்கி நூறு. மண்ணில் விழுந்தால் கொஞ்சமாவது ஊறும், கொங்கிறீட்டில் விழுந்தால் அப்படியே வீதிக்கு வரும், கூடவே சில வீடுகள் குழி வெட்ட இடமில்லாமல் கானுக்குள் விட்ட கக்கூஸ் தண்ணியும் வரும். அந்த வாடை கடையை விட்டுப் போக இரண்டு போத்தல் டெட்டோல் வேண்டும்.

இப்போது 24 அங்குலம் போட்டிருக்கிறார்கள். இரண்டு மடங்குதானே என்று நானும் நினைத்தேன். பைப்பின் குறுக்குப் பரப்பு நாலு மடங்காம், அதே சரிவில் போட்டால் ஓடுகிற தண்ணீர் கிட்டத்தட்ட ஆறு மடங்காம், வேலைக்கு வந்த ஒரு தம்பி பிளேன்டீ குடித்துக்கொண்டே கணக்குப் போட்டுக் காட்டினார். வேலை நடந்த மாதங்களைப் பற்றி என்ன சொல்ல, கடைக்கு வர ஒற்றைப் பலகை, அதுவும் ஆடும். வயசான அம்மாக்கள் எதிர்ப்பக்கமே நின்று "தம்பி, ஒரு றாத்தல் பாண்" என்று கத்துவார்கள், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். குடிதண்ணீர்க் குழாயையும் ஒரு தடவை வெட்டிவிட்டார்கள்.

சரி, பலன் இருக்கிறதா? இருக்கிறது. ஜூன் மாதம் முதல் பெரிய மழைக்கு விளக்குமாறும் கையுமாக வாசலில் நின்றேன். தண்ணீர் படி வரைக்கும் வந்தது, அப்புறம் கானுக்கு மேல் போட்ட கம்பிக் கிராதிக்குள் சுழன்று களக் களக் என்று இறங்கியது, இருபது நிமிஷத்தில் தார் தெரிந்தது. அன்றைக்கே கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்.

அடுத்த மாதம் பாதி மழைக்கே முழங்கால் தண்ணீர். குனிந்து கிராதியில் கை விட்டால் சோறு கட்டுகிற ஒரு லஞ்ச் ஷீட், இரண்டு யோகட் கப், மேலிருந்து அடித்துக்கொண்டு வந்த கவ்வாத்து மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி), அதற்கு மேல் செம்மண் அப்பம் மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. பிய்த்து எடுத்ததும் கீழே வெறும் பைப்பில் விழுகிற சத்தம் கேட்டது. பைப்புக்குள் தண்ணீரே போகவில்லை! இவ்வளவு பெரிய வயிற்றை வைத்துவிட்டு வாயை ஊசிக்காதாக வைத்தால் என்ன செய்வது? கம்பி இடைவெளி அவ்வளவு நெருக்கம், கிராதியும் முடக்கின் இந்தப் பக்கம் ஒன்றே ஒன்று. மண் தேங்குகிற குழிக்கு ஒரு மூடி போட்டிருக்கிறார்கள், தூக்க நாலு பேர் வேண்டும், அதனால் யாரும் தூக்குவதில்லை. துப்புரவு யார் பொறுப்பு என்று கேட்டால் பெரிய வீதிக் கான் ஒரு அலுவலகம், குறுக்கு வீதிக் கான் இன்னொரு அலுவலகம், என்னுடைய கடிதம் இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது. தோட்டத்தில் கான் வெட்டின எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த விஷயம் இது, மழைக்கு முன்னால் மம்பட்டி இறங்கவேண்டும்.

நாங்களும் யோக்கியமில்லை. அந்த லஞ்ச் ஷீட் பக்கத்துச் சோற்றுக்கடையுடையது, யோகட் கப் என் கடையில் விற்றது.

2025 நவம்பர் டித்வா புயலை இதில் சேர்க்காதீர்கள், அன்று மலையே இறங்கியது, அதற்கு எந்தப் பைப்பும் பதில் சொல்லாது. நான் சொல்வது பின்னேரம் ஒரு மணித்தியாலம் கொட்டுகிற சாதாரண மழையை. அதற்கு மூன்று கொடுக்கலாம். கம்பியை அகலமாக்கி, இன்னும் இரண்டு வாய் வைத்து, மூடியை ஒரு ஆள் தூக்குகிற மாதிரி மாற்றினால் நாலரை. அதுவரைக்கும் சீனி மூட்டை மேல் தட்டில்தான், மம்பட்டி கதவுக்குப் பின்னால்.