சாட்ஸ்வொர்த்தில் ஒரு கர்ப்பிணி ஆலோசனை வகுப்பு: பாடம் நன்று, இடம்தான் குறை

என் தங்கை மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்குத் துணையாக, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள ஒரு மருத்துவ மையத்தில் மூன்று சனிக்கிழமைகள் நடந்த இலவச ஆலோசனை வகுப்புக்குச் சென்று வந்தேன். மது, புகை, போதைப்பொருள் ஆகியவை வயிற்றுப் பிள்ளையை என்ன செய்கின்றன என்பதே பாடம்.

முதல் வகுப்பில், பாடம் நடத்திய செவிலியரான சிஸ்டர் ஒரு கண்ணாடிக் கோப்பையில் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றி, அதன்மேல் கேன் ஸ்பிரிட் என்னும் கரும்புச் சாராயத்தைச் சாய்த்தார். தெளிவாக இருந்த கரு சிறிது நேரத்தில் வெளுத்துத் திரிந்தது. முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு இந்த வித்தையில் உடன்பாடில்லை. பாட்டிலில் உள்ள கடுமையோடு மது பிள்ளையைச் சென்றடைவதில்லை. பயம் காட்டினால் பெண்கள் உண்மையைச் சொல்லாமல் ஒளிப்பார்கள். ஆனால் அதற்குப் பின் அவர் தந்த விளக்கம் மிகத் தெளிவாக இருந்தது. தாயின் இரத்தத்தில் கலந்த மது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகிறது. அதைச் சிதைக்கும் போதிய திறன் பிள்ளையின் முதிராத கல்லீரலுக்கு இல்லை. முகம் உருவாகும் தொடக்க வாரங்களில் மட்டுமன்றி, மூளை வளரும் ஒன்பது மாதமும் கேடு நேரலாம் என்பதால், பாதுகாப்பான அளவு என்று எதையும் மருத்துவத்தால் வரையறுக்க முடியவில்லை. வைனோ பியரோ கேனோ, எல்லாவற்றிலும் இருப்பது ஒரே எத்தனால்தான் என்று அவர் சொன்னபோது, பியரைக் கணக்கில் சேர்க்காத பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நம்மவர் இதைக் கேப் மாகாணங்களின் திராட்சைத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். கூலியின் ஒரு பகுதியாக வைன் கொடுத்த பழைய 'டாப்' முறையின் வடு அங்கே ஆழமானது என்பதும், கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்குக் கேப்பும் வடக்குக் கேப்பும் அடங்கும் என்பதும் உண்மையே. அதைச் சொல்லிவிட்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பிராந்தியும் பால் ஊற ஸ்டவுட் என்னும் கறுப்பு பியரும் கொடுக்கும் நம் வீட்டுப் பழக்கத்தையும் சிஸ்டர் எடுத்தார். மது பால் சுரந்து இறங்குவதைத் தடுக்கவே செய்யும் என்று அவர் சொன்னதும், என் அம்மாவின் அலமாரியில் இருந்த பிராந்தி பாட்டில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இரண்டாம் வகுப்புதான் மூன்றிலும் சிறந்தது. ஹப்லி எனப்படும் ஹுக்காவின் புகையைத் தண்ணீர் வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கையை அவர் முதலில் உடைத்தார்; கார்பன் மோனாக்சைடு தண்ணீருக்குள் நிற்பதில்லை. அடுத்து, இந்த ஊரில் பல குடும்பங்களைக் குலைத்த சுகர்ஸ் என்னும் போதைப்பொருளைப் பற்றிப் பேசினார். ஹெராயின் கலந்த அதற்கு அடிமையான கர்ப்பிணி தானாகத் திடீரென நிறுத்துவது கருவுக்கே ஆபத்தாகலாம் என்பதையும், மருத்துவர் மேற்பார்வையில் மெத்தடோன் போன்ற மாற்றுமருந்து தரும் வழி உண்டு என்பதையும், பிறந்த சில நாட்களில் அப்பிள்ளை நடுங்கி, கீச்சென்று அழுது, பால் குடிக்கத் திணறினால் அதற்கும் சிகிச்சை உண்டு என்பதையும் எவரையும் பழிக்காமல் சொன்னார். மூன்றாம் வகுப்பு பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. அவசரமாக முடிந்துவிட்டது.

குறை என்று சொல்வதானால், கணவர்களுக்கு அழைப்பே இல்லை. அதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு கர்ப்பிணியின் பதிவேட்டையும் நிரப்பும் மேசையைத் தாழ்வாரத்தில் போட்டிருப்பது. குடிப்பதுண்டா, புகைப்பதுண்டா என்று அங்கே உரக்கக் கேட்கிறார்கள். பின்னால் நிற்பவர்களுக்குப் பதிலும் கேட்கிறது. கரு தங்கியது தெரியாமல் ஒரு கல்யாண விருந்தில் இரண்டு கோப்பை வைன் குடித்திருந்த என் தங்கை மகள், முதல் நாள் அந்த வரிசையில் நின்று 'இல்லை' என்றுதான் சொன்னாள். அதுவே பதிவேட்டிலும் ஏறியது.

மூன்றாம் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவளே சிஸ்டரிடம் போய் நின்றாள். அவர் அவளை மருந்து அறைக்குள் அழைத்துச் சென்று கதவைச் சாத்தினார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் தன் பதிவேட்டைப் பிரித்து என்னிடம் காட்டினாள். 'இல்லை' என்பதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் நீல மையில் தேதியும் அளவும்.