மாராவா என்டுட்டுவா? ரெண்டு சீசன்ல போயிட்டு வந்த சஃபாரி ரிவ்யூ

ஆப்பிரிக்கா சஃபாரிக்கு எந்த மாசம் போகலாம்னு யார் கேட்டாலும் இப்ப நான் யோசிக்காம சொல்றது பிப்ரவரி, தான்சானியா, என்டுட்டு. 2024 ஆகஸ்ட்ல கென்யாவுல மசாய் மாராவும் 2025 பிப்ரவரில என்டுட்டுவும் போயிட்டு வந்துட்டுதான் இதை எழுதுறேன், ரெண்டு தடவையும் சொந்தக் காசு, ரெண்டும் வேற வேற கம்பெனி.

முதல்ல மாரா. ஆத்துல முதலை வாயைப் பொளந்துகிட்டு கிடக்க வைல்ட்பீஸ்ட் (பாக்க மாடு மாதிரியே இருக்கிற ஒரு பெரிய மான் இனம்) கூட்டம் கூட்டமா குதிக்கிற வீடியோவை டிவில பாத்து பாத்து வளந்த ஆளு நான், அதனால ஆகஸ்ட் தவிர வேற மாசமே மனசுல வரல. நைரோபில ஒரு கம்பெனி புடிச்சோம், அவங்க "கிராஸிங் கண்டிப்பா காட்டிடுவோம் மேடம்"னு வாட்ஸ்அப்ல அடிச்சு சொன்னாங்க. அங்க போய் உக்காந்த பிறகுதான் தெரியுது அதை யாராலயும் உறுதி சொல்ல முடியாதுன்னு. கூட்டம் கரைக்கு வரும், முன்னாடி நிக்கிறது தண்ணிய மோந்து பாக்கும், பின்னாடி நிக்கிறது நெருக்கும், அப்புறம் எதையோ பாத்து மிரண்டு மொத்தமும் திரும்பி ஓடிடும். மூணு நாள் இப்படியே, ஒரு நாள் அஞ்சு மணி நேரம் வண்டிய விட்டு எறங்காம உக்காந்திருந்தோம். நாலாவது நாள் கிராஸிங் நடந்துச்சு, ஆனா எங்களுக்கு முன்னாடி ரெண்டு வரிசை வண்டி, நான் எண்ணுனதுலயே நாப்பதுக்கு மேல. புழுதியும் வண்டிக் கூரையும்தான் பாதி போட்டோல இருக்கு. அதுங்க கரையேற வேண்டிய எடத்துலயே சில வண்டிங்க போய் நின்னப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு, தண்ணில தவிச்சு நீந்தி வந்த ஜீவனுக்கு வழிய மறிச்சா அது எங்க போகும் சொல்லுங்க.

அந்த கம்பெனி லேண்ட் குரூஸர்னு சொல்லிட்டு வேன் அனுப்பினாங்க, கேட்டதுக்கு சீசன்ல வண்டி கிடைக்கலன்னாங்க. இதுல பார்க் டிக்கெட் வேற, 2024 ஜனவரில இருந்து மாராவுக்கு வெளிநாட்டுக்காரங்களுக்கு ஜூன் வரைக்கும் ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலைல இருந்து டிசம்பர் வரைக்கும் 200 டாலர். நாலு நாள், ரெண்டு பேர், நீங்களே பெருக்கிப் பாத்துக்கங்க.

ஆனா மாராவ குறை சொல்ல மனசு வரல. ஆகஸ்ட்ல மழை இல்ல, புல்லு காஞ்சு போய் மிருகம் நல்லா தெரியும், தண்ணி இருக்கிற எடத்துக்கு எல்லாமே வந்தாகணும், சிங்கம் ஒரே நாள்ல மூணு கூட்டம் பாத்தோம். குளிருதான் எதிர்பாக்கல, அது கடல் மட்டத்துல இருந்து 1,500 மீட்டருக்கு மேல இருக்கிற எடம், காலைல ஆறு மணிக்கு ஸ்வெட்டர் ஜெர்கின் ரெண்டும் வேணும்.

திரும்பி வந்த பிறகுதான் உக்காந்து படிச்சேன். இந்த வைல்ட்பீஸ்ட் சுமார் 13 லட்சம், கூட லட்சக்கணக்குல வரிக்குதிரையும் மானும், எல்லாம் மழைக்குப் பின்னாடியே வருஷம் முழுக்க ஒரு பெரிய வட்டமா சுத்திகிட்டே இருக்கு. ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் வடக்க மாரா ஆத்துப் பக்கம், நவம்பர்ல சின்ன மழை ஆரம்பிச்சா தெக்க இறங்க ஆரம்பிக்கும், ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் தான்சானியாவோட செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்கு தெக்கு ஓரம் என்டுட்டு பக்கத்துல, அப்புறம் மேக்க நகந்து ஜூன் வாக்குல குருமெட்டி ஆறு. மழை முன்னப்பின்ன ஆனா இதுவும் முன்னப்பின்ன ஆகும். நாம பாக்குற வீடியோ எல்லாம் இந்த வட்டத்துல ஒரு துண்டு, அதுல எனக்கு புடிச்ச துண்டு வேறன்னு எனக்கு அப்ப தெரியல.

ரெண்டாவது தடவை அம்மாவையும் கூட்டிட்டு போனோம். அம்மாவுக்கு 62 வயசு, கோவில்பட்டி பக்கம் மாடு கன்னோட வளந்தவங்க. மும்பை, அடிஸ் அபாபா, அங்க இருந்து கிளிமஞ்சாரோ ஏர்போர்ட், தான்சானியாவுல ஆருஷாங்கிற ஊர்ல ஒரு சின்ன கம்பெனி, சொன்ன மாதிரியே மேல் கூரை தூக்குற லேண்ட் குரூஸர் எங்க மூணு பேருக்கு மட்டும். என்டுட்டு போய் சேந்து கண்ணை ஏறிட்டுப் பாத்தா அடிவானம் வரைக்கும் பச்சை, அந்தப் பச்சை மேல கறுப்பு எள்ளு கொட்டுன மாதிரி மாடுங்க. பக்கத்து எரிமலைங்க கக்குன சாம்பல் படிஞ்ச மண்ணு அது, மரம் வேர் விட முடியாது, குட்டைப் புல்லுதான் முளைக்கும், ஆனா அந்தப் புல்லுல சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் நெறைய. பால் சுரக்கணும்ல, அதுக்காகத்தான் அத்தனை தாய் மாடும் அங்க வருது.

ரெண்டாவது நாள் காலைல ஒரு மாடு கூட்டத்தை விட்டு விலகி படுக்கிறதும் எந்திரிக்கிறதுமா இருந்துச்சு. கைடு சொல்றதுக்கு முன்னாடியே அம்மா என் கையைப் புடிச்சு "ஏட்டி, இது இப்ப கன்னு போட்டுரும் பாரு"ன்னாங்க. கால் மணி நேரத்துல போட்டுடுச்சு. கீழ விழுந்த கன்னு எந்திரிக்கப் பாக்குது, மடங்கி விழுது, மறுபடி எந்திரிக்குது, பத்து நிமிஷத்துக்குள்ள நாலு காலையும் ஊனி நின்னு மடி தேட ஆரம்பிச்சுடுச்சு. எங்க வண்டில யாரும் பேசல. ரெண்டு மூணு வாரத்துல லட்சக்கணக்கான கன்னு இப்படி ஒரே சமயத்துல பொறக்குமாம், சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி எல்லாம் சேந்து தின்னாலும் தீராத அளவுக்கு மொத்தமா பொறக்குறதுதான் அதுங்களோட பாதுகாப்புன்னு கைடு சொன்னார். அன்னைக்கு சாயங்காலமே ஒரு சீட்டா ஒரு கன்னைத் தூக்குனதையும் பாத்தோம், தாய் அந்த எடத்தையே ரொம்ப நேரம் சுத்திச்சு. அம்மா ராத்திரி சரியா சாப்பிடல.

இன்னொரு பெரிய வசதி, என்டுட்டு பக்கம் நிகோரோங்கோரோ கன்சர்வேஷன் ஏரியாவுக்குள்ள வர்றதால பாதைய விட்டு இறங்கி ஓட்டலாம், செரங்கெட்டி பார்க்குக்குள்ள அது கூடாது. அதனால வண்டிக் கூட்டம் பிரிஞ்சு போயிடுது, அந்தக் கன்னு பொறந்தப்ப எங்க வண்டி தவிர இன்னொன்னுதான் இருந்துச்சு.

குறையும் சொல்லிடுறேன். பிப்ரவரில மத்தியானம் சடார்னு மழை கொட்டும், போற வழில ஒரு எடத்துல கரிசல் மண்ணுல டயர் புதைஞ்சு ஒண்ணேகால் மணி நேரம் நின்னோம். நம்ம ஊரு கரிசல் மாதிரியேதான், நனைஞ்சா சக்கரத்தை விடாது. மரம் இருக்கிற பக்கம் செட்ஸி ஈ கடிக்கும், கறுப்பு, நீலக் கலர் துணி போடாதீங்க, அதுக்குத்தான் ஓடி வரும். டென்ட் கேம்ப்ல சாப்பாடு சப்பாத்தி, பருப்பு, காய்னு போச்சு, அம்மாவுக்கு ஊறுகாய் கொண்டு போனது உதவுச்சு.

இப்ப எல்லாரும் கேக்குற கேள்வி, புள்ளைங்க ஏப்ரல் மே லீவுல போகலாமான்னு. வேண்டாம்ங்க. கிழக்கு ஆப்பிரிக்காவுல பெருமழை மார்ச் கடைசில இருந்து மே வரைக்கும்தான், கேம்ப் பல எடத்துல மூடிடுவாங்க, ரேட்டு கம்மியா காட்டுவாங்க, ஆனா நான் சொன்ன கரிசல்ல தினமும் மாட்டிகிட்டு நிப்பீங்க. காலாண்டு லீவு செப்டம்பர் கடைசில வருது பாருங்க, அப்ப மாரா பக்கம் வைல்ட்பீஸ்ட் கூட்டம் இன்னும் இருக்கும், ஆகஸ்ட் அளவுக்கு வண்டி நெரிசலும் இருக்காது, ஸ்கூல் புள்ளைங்க வச்சிருக்கவங்களுக்கு அதுதான் என் சாய்ஸ். அரையாண்டு லீவுல கிறிஸ்துமஸ் ரேட்டு சொல்லுவாங்க, கன்னு சீசனும் அப்ப ஆரம்பிச்சிருக்காது. யானையும் கிளிமஞ்சாரோ மலையும் ஒரே பிரேம்ல வேணும்னா கென்யாவுல அம்போசெலி பார்க், ஜனவரி பிப்ரவரி விடிகாலைல மேகம் ஏறுறதுக்கு முன்னாடி.

கென்யா போறவங்க மஞ்சள் காய்ச்சல் ஊசிய பத்து நாளுக்கு முன்னாடியே போட்டு கார்டு கையில வச்சுக்கங்க, திரும்பி வரப்ப நம்ம ஏர்போர்ட்ல கேப்பாங்க. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. என்டுட்டுவுக்கு பிப்ரவரின்னா நாங்க செப்டம்பர்லயே அட்வான்ஸ் கட்டினோம், அப்பவே நாங்க முதல்ல கேட்ட கேம்ப் ஃபுல்லு.