‘பை’ (by) எழுதுவதா, ‘அன்டில்’ (until) எழுதுவதா?

அலுவலக ஆங்கிலத்தில் கெடு சொல்லும்போது பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

பொருள்: ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்குள், புதனன்றே முடித்தாலும் சரி. ‘அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளி வரை தொடர்ந்து.

வினை: அனுப்பு, முடி போன்றவற்றுக்கு ‘பை’. காத்திரு, தங்கு போன்று நீள்பவற்றுக்கு ‘அன்டில்’.

நம்மைக் குழப்புவது ‘வரை’ என்ற சொல். ‘வெள்ளி வரை பணம் கட்டலாம்’ என்பது நீளும் அனுமதி. அங்கே ‘அன்டில்’ சரியே. ‘வெள்ளிக்குள் கட்டுங்கள்’ என்பது கட்டளை. ‘பை’ மட்டுமே பொருந்தும். மனத்தில் ‘க்குள்’ வருகிறதா என்று பாருங்கள், போதும்.

எதிர்மறையில் மிகுந்த கவனம் வேண்டும். ‘நாட் அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கு முன் கிடைக்காது என்று பொருள்.

கெடுவுக்கு ‘பை’ எழுதுங்கள், மணியையும் சேர்த்து. விடுப்புக்கும் கடை திறந்திருக்கும் நேரத்துக்கும் ‘அன்டில்’.