ரீஃப் தொட்டிக்கு ஹானா காரத்தன்மைமானி: எந்த அளவுக்கு நம்பலாம்?

ரீஃப் தொட்டியில், அதாவது பவளங்களுக்கான கடல்நீர்த் தொட்டியில், கடின பவளங்கள் வளர்ப்பவர்கள் விளக்குக்கும் நீரோட்டப் பம்புக்கும் அடுத்தபடியாக எதை வாங்கலாம் என்று கேட்டால், ஹானா நிறுவனத்தின் கையடக்கக் காரத்தன்மைமானியைத்தான் சொல்வேன். காரத்தன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள பைகார்பனேட், கார்பனேட் ஆகியவற்றின் இருப்பு, நாளொரு அளவாக ஏறி இறங்கும் தொட்டியில் அக்ரோபோரா போன்ற பவளங்கள் நிலைப்பது கடினம். அந்த ஏற்ற இறக்கம் பவளத்தின் நிறத்திலோ முனையிலோ கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும்.

கால்சியத்தை விட்டுவிட்டுக் காரத்தன்மையை ஏன் முதலில் அளக்க வேண்டும் என்பதற்குக் கணக்கே விடை சொல்கிறது. பவளமும் கோரலின் பாசியும் தங்கள் கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகின்றன. அதற்காக நீரிலிருந்து 1 டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு) காரத்தன்மையை எடுத்துக்கொள்ளும்போது, லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் கால்சியத்தை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. இயற்கைக் கடல்நீரில் காரத்தன்மை 7 டிகேஹெச் அளவிலும் கால்சியம் லிட்டருக்கு 410 முதல் 420 மில்லிகிராம் வரையிலும் இருப்பதால், ஒன்றின் இருப்பு சிறியது, மற்றதன் இருப்பு மிகப் பெரியது. தொட்டியின் காரத்தன்மை 8இலிருந்து 6க்கு இறங்கினால் கால்பங்கு தீர்ந்துவிட்டது என்று பொருள். அதே வேளையில் கால்சியம் 420இலிருந்து 406க்குத்தான் வந்திருக்கும். இந்த 14 மில்லிகிராம் வித்தியாசத்தை வீட்டில் பயன்படுத்தும் சோதனைப் பெட்டியில் ஐயமின்றிக் கண்டுபிடிப்பது அரிது. எனவே தொட்டியின் அன்றாடப் பசியைக் காட்டுவது காரத்தன்மைதான்.

கருவியைக் கையாள்வது எளிது, ஆனால் கவனம் வேண்டும். குப்பியில் 10 மில்லிலிட்டர் தொட்டிநீரை ஊற்றி, பொத்தானை அழுத்திப் பூஜ்யம் வைக்க வேண்டும். பிறகு சிரிஞ்சால் 1 மில்லிலிட்டர் வினைக்கரைசலைச் சேர்த்து, மூடி, மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திக் கலந்து, மீண்டும் அழுத்தினால் எண் தெரியும். காரத்தன்மை குறைவாக இருந்தால் நீர் மஞ்சளாகவும், கூடக்கூடப் பச்சை கலந்த நீலமாகவும் மாறுகிறது. அந்த நிறத்தைக் கண்ணுக்குப் பதிலாக ஒளியுணரி படிக்கிறது. துளித்துளியாக விட்டு நிறம் மாறும் கணத்துக்காகக் காத்திருக்கும் பழைய முறையில், மாறிவிட்டதா இல்லையா என்று ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொன்று சொல்லும். நீல விளக்கின் கீழ் அந்த ஐயம் இன்னும் கூடும். இந்தக் கருவியில் அந்தச் சிக்கலே இல்லை என்பதுதான் இதன் முதன்மையான சிறப்பு.

பிழை நுழையும் வழிகள் வேறு. 10 மில்லிலிட்டர் கோட்டை நீர்மட்டத்தின் கீழ்வளைவு தொட வேண்டும். மேல்விளிம்பைப் பார்த்து ஊற்றினால் நீர் குறைந்து, எண்ணும் தாழ்ந்து வரும். சிரிஞ்சின் நுனியில் காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் வினைக்கரைசல் குறைந்து, எண் உயரும். குப்பியை வேகமாகக் குலுக்கினால் சுவரில் நுண்குமிழிகள் ஒட்டி ஒளியைச் சிதறடிக்கும். விரல் ரேகையும், காய்ந்த உப்புத் தடமும் அதே வேலையைச் செய்யும் என்பதால், ஒவ்வொரு முறையும் குப்பியை ஆர்ஓ நீரில் அலசி, நூல் உதிராத துணியால் துடைத்து வைப்பது அவசியம்.

நிறுவனம் குறிப்பிடும் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 0.3 டிகேஹெச், அத்துடன் அளவீட்டில் 5 சதவீதம். 8 டிகேஹெச் என்று காட்டும் நீரின் உண்மையான அளவு 7.3 முதல் 8.7 வரை எங்கும் இருக்கலாம் என்பதே இதன் பொருள். இதைப் படித்துவிட்டுக் கருவியை ஒதுக்குவது சரியல்ல. ஒரே வினைக்கரைசல் புட்டி, ஒரே குப்பி, ஒரே கை என்று அளக்கும்போது நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் நம்பத்தக்கது; அன்றாடப் பராமரிப்புக்கு வேண்டியதும் அதுவே. புதிய புட்டி திறக்கும் நாளில் ஒரே நீரைப் பழைய புட்டியாலும் புதியதாலும் அளந்து ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்யாமல், எண் திடீரென நகர்ந்ததைக் கண்டு தொட்டியில் சேர்க்கும் காரத்தன்மை, கால்சியம் கரைசல்களின் அளவை மாற்றுவது தேவையற்ற ஆபத்து. தனியாகக் கிடைக்கும் சரிபார்ப்புக் குப்பிகள் கருவியின் ஒளிப்பகுதியை மட்டுமே சோதிக்கும்; வினைக்கரைசல் கெட்டிருந்தால் அவை காட்டிக்கொடுக்காது.

இதில் இரண்டு மாதிரிகள் உள்ளன. ஹெச்ஐ 772 நேரடியாக டிகேஹெச்சில் 0.1 படிகளாகக் காட்டும்; ஹெச்ஐ 755 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அலகில்) காட்டும். இரண்டாவதில் வரும் எண்ணை 17.85ஆல் வகுத்தால் டிகேஹெச் கிடைக்கும். 143 என்றால் 8. வகுக்கும் வேலை கூடுதல்தான் என்றாலும், 1 பிபிஎம் என்பது 0.06 டிகேஹெச்சுக்கும் குறைவு என்பதால், மெதுவான சரிவு அதில் முன்னதாகவே தெரியும். நான் பிபிஎம் மாதிரியையே பரிந்துரைப்பேன்.

இதே நிறுவனத்தின் கால்சியம்மானியைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல இயலாது. அதற்கு எடுக்க வேண்டிய தொட்டிநீர் வெறும் 0.1 மில்லிலிட்டர். அந்தத் துளியில் பத்தில் ஒரு பங்கு கூடக்குறைய வந்தால் விடை ஏறத்தாழ 40 மில்லிகிராம் தள்ளிப்போகும். நீர்த்துப்போகச் செய்யச் சேர்க்கும் நீரிலும் கால்சியத்தின் சுவடு இருக்கக்கூடாது. கால்சியம் மெதுவாகவே மாறுவதால், வாரம் ஒருமுறை இளஞ்சிவப்பிலிருந்து நீலமாக மாறும் வழக்கமான சொட்டுச் சோதனையே போதுமானது.

அளந்ததை வைத்துச் செய்ய வேண்டியதும் நேரான கணக்குதான். கரைசல் எதுவும் சேர்க்காமல் இரண்டு மூன்று நாள் ஒரே நேரத்தில் அளந்தால் அன்றாடச் செலவு தெரிந்துவிடும். பகல் வெளிச்சத்தில் பவளங்கள் வேகமாகக் கூடு கட்டுவதால், காலையில் எடுத்த எண்ணை மாலையில் எடுத்ததோடு ஒப்பிடக்கூடாது. 100 லிட்டர் நீரில் 1 டிகேஹெச் உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். அதற்கு இணையாகச் செலவான கால்சியத்தை ஈடுகட்ட 2.6 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் போதும். இவ்விரு கரைசல்களையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். காரத்தன்மை மிகவும் இறங்கியிருந்தாலும் ஒரு நாளில் 1 டிகேஹெச்சுக்கு மேல் உயர்த்தாமல் இருப்பதே பாதுகாப்பு. இரண்டையும் சரியாகச் சேர்த்தும் அளவு நிலைக்கவில்லை என்றால் மெக்னீசியத்தைச் சோதிக்க வேண்டும். அது லிட்டருக்கு 1250 மில்லிகிராமுக்கு வெகுவாகக் கீழே போனால் சேர்த்தவை பவளத்துக்குப் போகாமல் பம்பிலும் ஹீட்டரிலும் படியும்.

மென்பவளங்கள் மட்டுமே உள்ள, நீர் மாற்றத்தாலேயே அளவு நிலைத்துவிடும் தொட்டிக்கு இந்தக் கருவி தேவையில்லை; சாதாரண சொட்டுச் சோதனை போதும். கடின பவளம் பத்துக் கிளைகளாகப் பெருகி, நாளொன்றுக்கு 0.5 டிகேஹெச் செலவாகத் தொடங்கிய தொட்டியில் இதைத் தள்ளிப்போடக்கூடாது. வாங்கும்போதே கூடுதல் வினைக்கரைசலையும் சேர்த்து வாங்கி, காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.